பாண், போறணை, சிக்கனம் – ஒரு கடிதம்

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் குசினிக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் இருப்பது கோண்டாவிலில். இரண்டு பிள்ளைகள். 2022இல் காஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்று களைத்த பிறகு, இனிமேல் செலவைக் குறைத்து, பழைய ஆட்கள் மாதிரி எளிமையாக வாழ வேண்டும் என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். முதல் வேலையாகக் கடைப் பாணை நிறுத்தினேன். வீடியோக்களைப் பார்த்து, கரண்ட் அவணில் நானே பாண் சுடுகிறேன். வாசனை நன்றாக வருகிறது. பாண் மட்டும் செங்கல் மாதிரி இருக்கிறது. மாமி சிரிக்கிறா. “பாணை ஆரும் வீட்டில சுடுறதோ? அது கடையில வாங்கிற சாமான்” என்கிறா.

அம்மா அடிக்கடி யுத்தத்தின்போது வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றிச் சொல்லுவா. கரண்ட் இல்லை, ரீவி இல்லை, ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள். ஆனாலும் எல்லாரும் ஒற்றுமையாக, சந்தோசமாக இருந்தோம் என்பா. கேட்கும்போது ஏக்கமாக இருக்கிறது. அப்படியொரு வாழ்க்கைக்கு நாங்கள் திரும்ப முடியாதா? என் பாண் ஏன் எழும்பவில்லை? காயவைத்த பனங்கிழங்கை இடித்தெடுக்கும் ஒடியல் மாவைக் கலந்து சுட்டால் வருமா? கோதுமை மா வாங்கும் காசாவது மிஞ்சுமே.

அன்புடன்,
வி., கோண்டாவில்

அன்பின் தங்கைக்கு,

கோபிக்க வேண்டாம், உங்கள் மாமி சிரித்ததில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வீடுகளில் பாண் சுட்ட வழக்கம் கிடையாது. பிட்டு, இடியப்பம், தோசை, அப்பம், றொட்டி எல்லாம் வீட்டில் நடந்தன. பாண் மட்டும் பேக்கரியிலிருந்து வந்தது. விடியப்புறம் சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி ஒருவர் கொண்டுவருவார், அல்லது சந்திக் கடையில் வாங்குவோம். இப்போது ‘ஃபர் எலீஸ்’ மெட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டோ வருகிறது. பேத்தோவன் யாரென்று தெரியாத பிள்ளைக்கும் அந்த மெட்டைக் கேட்டால் பணிஸ் நினைவு வரும்.

ஆக, நீங்கள் செய்வது புது வழக்கம். செய்யுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைப்பதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை.

முதலில் மாவைப் பார்ப்போம். ‘அமெரிக்கன் மா’ என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் வெள்ளைக் கோதுமை மாதான் பேக்கரிக்கும் போனது, சங்கக்கடை வழியாக வீட்டுக்கும் வந்தது. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் இழுபடும் குளூட்டனாக மாறும். ஈஸ்ற் விடும் காற்று அதற்குள் அடைபட்டுத்தான் பாண் எழும்புகிறது. பேக்கரிக்காரருக்கு வேண்டியது அந்த இழுவை. எங்கள் பெண்கள் செய்தது நேரெதிர். மாவைத் துணியில் பொட்டலமாகக் கட்டி ஆவியில் அவித்தார்கள். இறக்கியதும் கை பொறுக்கும் சூட்டில் கட்டிகளை உதிர்த்து, அரிதட்டில் அரித்து, ஆறவிட்டுப் பேணியில் போட்டு மூடினார்கள். ஆறிப்போனால் கட்டி கல்லாகிவிடும், உரலில் போட்டுத்தான் இடிக்க வேண்டும். அதனால் அந்த வேலை நடக்கும் நேரத்தில் அம்மாவைக் கூப்பிட்டால் பதில் வராது. அவித்த மாவில் குளூட்டன் செத்துவிடும். கொதிநீர் விட்டுக் குழைத்தால் ஒட்டாமல் உதிரியாக வரும், பிட்டுக்கு அதுதான் வேண்டும். வண்டும் புழுவும் சூட்டில் போய்விடுவதால் மா பல நாள் கிடக்கும். காலையில் நீத்துப்பெட்டியை அடுப்பில் வைத்தால் சிறிது நேரத்தில் பிட்டு தயார். விறகும் கொஞ்சம்தான் போகும்.

வீட்டு அடுப்புக்கு ஏற்றபடி மாவைத் திருத்திக்கொண்டார்கள். பாணுக்கு ஏற்ற அடுப்பு வேறு.

அந்த அடுப்பு போறணை. விறகுப் போறணை வைத்திருக்கும் பேக்கரி உங்கள் பக்கத்தில் இன்னும் இருந்தால் ஒரு முறை போய்ப் பாருங்கள். செங்கல்லால் கட்டிய குகை, வளைந்த கூரை, முன்னால் ஒரு வாய். உள்ளேயே விறகை அடுக்கி மணிக்கணக்கில் எரிப்பார்கள். கல்லெல்லாம் சூடேறியதும் தணலை ஒதுக்கி, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, நீண்ட தடியில் பொருத்திய பலகையால் பாணை உள்ளே தள்ளி வாயை மூடுவார்கள். அதற்குப் பிறகு தீ தேவையில்லை, கல் வைத்திருக்கும் சூடே வேகவைக்கும். கடும் சூட்டுக்குப் பாண். அது இறங்கியதும் குறைந்த சூட்டுக்குப் பணிஸ். பிறகு கேக், விசுக்கோத்து. கடைசியில் மிஞ்சும் இளஞ்சூட்டில் ரஸ்க் காயும். நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும் வீடுகளிலிருந்து கேக் கலவையைத் தட்டில் ஊற்றிக் கொடுத்துவிட்டால் அதையும் வேகவைத்துத் தருவார்கள். ஒரு முறை மூட்டிய தீயில் ஊரே சாப்பிட்டது.

இப்போது உங்கள் அவணுக்கு வருவோம். 1500 வாட் அவண் இடைவிடாமல் ஒரு மணித்தியாலம் எரிந்தால் ஒன்றரை யூனிற் போகும். சூடு சரியானதும் இடையிடையே அணைந்து எரிவதால் கொஞ்சம் குறையும். அந்தச் செலவு முழுவதும் ஒரு பாணுக்கு. கடைப் பாணின் நிர்ணய நிறை 450 கிராம், பழைய கணக்கில் ஒரு றாத்தல். அதற்கு மா ஏறத்தாழ 300 கிராம் வேண்டும். மாவின் விலை, ஈஸ்ற், மின்சாரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். உங்கள் நேரத்துக்கு விலை போடாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அப்புறம், இலங்கையில் கோதுமை விளைவதில்லை. பாணை வீட்டில் சுட்டாலும் கடையில் வாங்கினாலும் மா கப்பலில்தான் வர வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் மா விலை ஏறியபோது வீட்டில் சுட்டவர்களும் அதே விலையைத்தான் கொடுத்தார்கள்.

செலவு குறைய வேண்டுமென்றால் போறணைக்காரர் செய்ததைச் செய்யுங்கள். கிழமையில் ஒரு நாள் மட்டும் அவணைப் போடுங்கள். இடம் இருக்கும் வரை பாண் வையுங்கள், பக்கத்து வீட்டாரையும் மா குழைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். பாணை எடுத்த பிறகு அணைத்துவிட்டு, மிச்சச் சூட்டில் போன கிழமைப் பாண் துண்டுகளைக் காயவிடலாம். கச்சானும் வறுபடும்.

சரி, செங்கல் விவகாரம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தண்ணீர் போதவில்லை என்று நினைக்கிறேன். றொட்டிக்குக் குழைத்துப் பழகிய கை, மா ஒட்டினால் உடனே இன்னும் மா தூவும். பாண் மா கையில் கொஞ்சம் ஒட்டத்தான் வேண்டும். 300 கிராம் மாவுக்கு 190 மில்லிலீற்றர் தண்ணீர், 6 கிராம் உப்பு, 3 கிராம் உடனடி ஈஸ்ற், ஒரு தேக்கரண்டி சீனி. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிநீரில் ஈஸ்ற் செத்துவிடும். பத்து நிமிடமாவது குழையுங்கள். ஒரு சிறு உருண்டையை எடுத்து இழுத்தால் அறுந்துபோகாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக விரிய வேண்டும். பிறகு மூடி வையுங்கள். வீடியோவில் இரண்டு மணித்தியாலம் என்று சொன்னால் நம்பாதீர்கள், அவர்களுடைய குசினி குளிரானது. எங்கள் சித்திரை வெயிலில் முக்கால் மணித்தியாலத்திலேயே இரண்டு மடங்கு ஆகிவிடும். அதைத் தாண்டி விட்டால் புளித்து உள்ளே விழும். மெதுவாகக் காற்றை இறக்கி, உருட்டி, எண்ணெய் தடவிய தகரத்தில் வைத்து மறுபடி எழும்பவிடுங்கள். அவண் 210 பாகை செல்சியஸ், முப்பது முப்பத்தைந்து நிமிடம். அடியில் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்க வேண்டும். அவித்த மாவும் வெள்ளை மாவும் ஒரே அலுமாரியில் இருந்தால் எந்தப் பேணியிலிருந்து எடுத்தீர்கள் என்றும் பாருங்கள். அவித்த மா எந்த ஈஸ்றுக்கும் அசையாது.

ஈஸ்றுக்குப் பதிலாகக் கள் ஊற்றலாமா என்று இன்னொரு வாசகி முன்பு கேட்டிருந்தா. ஊற்றலாம், அப்பத்துக்கு ஊற்றித்தானே பழக்கம். சுண்ணாம்பு தடவாத முட்டியில் இறக்கிய கள்ளாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு தடவியதில் வருவது கருப்பணி, அது புளிக்காது, பனங்கட்டி காய்ச்சத்தான் உதவும்.

கள் என்றதும், பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியாதா என்ற உங்கள் கேள்விக்கு வந்துவிட்டேன். அப்ப மாவுக்குக் கள் இறக்கித் தந்தவர் எத்தனை வீட்டுக் குசினிக்குள் வந்து அந்த அப்பத்தைச் சாப்பிட்டார்? தேத்தண்ணிக் கடையில் சாதி பார்த்து அவருக்கு வேறு பேணி, உட்கார வேறு இடம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. அந்தக் காலம் எளிமையானது என்று அவருடைய பேரப்பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

1970களின் முதற்பாதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது குடாநாட்டுத் தோட்டக்காரர் மிளகாயிலும் வெங்காயத்திலும் நல்ல காசு பார்த்தார்கள். பலர் கல்வீடு கட்டினார்கள். அதே நாட்களில் பாணுக்கு விடியப்புறத்திலிருந்தே வரிசை. தோட்டம் இருந்த வீட்டின் நினைவும் இல்லாத வீட்டின் நினைவும் ஒன்றாக இருக்குமா?

அம்மா சொல்லும் தடைக் காலம் நான் வாழ்ந்த காலம். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரியைக் கொளுத்துவோம். கண்ணாடி காற்றை மறைக்கும். ஒரு சொட்டும் வீணாகாது. பிள்ளைகள் அதைச் சுற்றி இருந்து படித்தார்கள். சவுக்காரம் இல்லாதபோது பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தோம். அழுக்குப் போகும், ஆனால் வாசனை போகாது, கொடியில் காய்ந்த சீலையை மாடு வந்து சப்பும். இதைச் சொல்லிச் சிரிப்பேன். சிரிக்கிற விஷயங்களைத்தான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். மருந்து கிடைக்காததை, விமானச் சத்தம் கேட்டு அடுப்பில் இருந்த சோற்றை விட்டுப் பங்கருக்குள் ஓடியதை, 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்ததைச் சாப்பாட்டு மேசையில் அதிகம் பேசுவதில்லை. உங்கள் அம்மா பொய் சொல்லவில்லை. ஒற்றுமை இருந்தது உண்மைதான். ஒரு வீட்டில் தேங்காய் இருந்தால் அடுத்த வீட்டில் பாதி இருக்கும். ஆனால் அப்படிப் பகிராமல் இருக்க எங்களுக்கு வசதி இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாழ்க்கையை மூன்று வேளையும் நடத்தியது பெண்களின் உடம்பு. உரல், உலக்கை, கிணற்றுத் துலா, புகை. அம்மாவின் தோள்மூட்டு வலி எப்போது தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள்.

திரும்ப வேண்டாம் என்றே சொல்வேன். அங்கிருந்து எடுக்கக்கூடியதை எடுத்தால் போதும். தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது நல்ல பழக்கம், சீனிச் செலவும் குறையும். பழஞ்சோற்றைப் பிசைந்து வெங்காயம், பச்சை மிளகாய், தயிர் சேர்த்துக் கரைத்துக் குடிப்பதும் அப்படித்தான். மா அவிக்கும் வேலையில் உங்கள் கணவரும் சேர்ந்து அரிதட்டைப் பிடித்தால் கட்டி ஆறுவதற்குள் முடியும்.

கடைசியாக ஒடியல் மா. அதில் குளூட்டன் கிடையாது, அரிசி மாவிலும் குரக்கன் மாவிலும் கிடையாது. அதனால் அது மட்டும் வைத்துப் பாண் எழும்பாது. பத்துப் பங்கு மாவில் ஒரு பங்கு கலக்கலாம். முதலில் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை ஊற்றி, துணியில் பிழிந்துவிடுங்கள், இல்லையென்றால் கைக்கும். பிழிந்த மாவில் ஈரம் இருக்கும், அந்த அளவுக்குக் குழைக்கும் தண்ணீரைக் குறையுங்கள். ஆனால் காசு மிஞ்சும் என்று நினைத்துச் செய்யாதீர்கள். இன்றைய சந்தையில் நல்ல ஒடியல் மா கோதுமை மாவைவிட விலை கூட. வீட்டில் இருக்கிற ஒடியல் மாவைக் கூழுக்கு வைப்பதுதான் என் யோசனை. நண்டும் இறாலும் விலை இறங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, மாமியையே காய்ச்சச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா