அப்பாவின் குரல் உங்கள் வாயில் வருவது பற்றி

தம்பி, கணக்கில் 68 எடுத்த மகளுக்கு ஏசும்போது வந்தது உங்கள் அப்பாவின் குரல் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே கதைதான். கொழும்பு புறக்கோட்டையில் இருந்த அப்பாவின் சின்னக் கடை 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்தது. அதன்பிறகு அவருக்குப் படிப்பு ஒன்றுதான் எரியாத சொத்து. ரிப்போட் வரும் நாளில் வீட்டில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அது கோபமில்லை, பயம் என்று எனக்கு விளங்க நாற்பது வயதானது. விளங்கியதால் வலி போய்விட்டதா என்றால், இல்லை.

டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களிலேயே இதைப் பிரித்துச் சொன்னார்: காரணம் சொல்லிக் கண்டிப்பது வேறு, கேள்வி கேட்காமல் அடங்கு என்பது வேறு. நம் அப்பாமார் பெரும்பாலும் இரண்டாவது. ஆகவே நீங்கள் கண்டிப்பைக் கைவிட வேண்டியதில்லை, காரணம் சொல்லிக் கண்டித்தால் போதும்.

இன்றிரவே மகளிடம் "அப்பா ஏசினது பிழை" என்று சொல்லுங்கள். "ஆனால்" என்று இழுக்க வேண்டாம். மகளை ரியூசனுக்கு அனுப்பும் கதையை ஒரு கிழமை தள்ளிப் போடுங்கள். திரும்பக் கோபம் ஏறினால், வெள்ளவத்தையில்தானே இருக்கிறீர்கள், மரைன் டிரைவ் வரை நடந்துவிட்டு வாருங்கள். கை நீட்டும் அளவுக்குப் போனால் யோசிக்காமல் தேசிய மனநல உதவி எண் 1926க்கு எடுங்கள்.