ஜனவரிக் குளிரில் எம்பயர் ஸ்டேட் உச்சிக்குப் போகலாமா?

கேள்வி: பொங்கல் முடிந்ததும் நானும் கணவரும் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். எனக்கு வயது 62, அவருக்கு 68. அவர் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஏழு வயதுப் பேத்தி எங்களை எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல் தளத்துக்குக் கூட்டிப் போகத் துடிக்கிறாள். அந்தக் குளிரில் திறந்தவெளியில் நிற்க முடியுமா? என்ன உடுத்துவது? நான் எப்போதும் சேலைதான் கட்டுவேன். – மதுரை வாசகி

பதில்: தாராளமாகப் போகலாம். சொல்லப்போனால், மேலே நின்று ஊரைப் பார்க்கக் குளிர்காலம்தான் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் நியூயார்க் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். தூரத்தில் இருப்பதெல்லாம் வெளிறி மங்கிப்போகும். ஜனவரியில் வடக்கே கனடாப் பக்கமிருந்து வறண்ட குளிர்காற்று இறங்கும் நாளில் பாலங்களும் ஆறுகளும் சுதந்திர தேவி சிலையும் கோடு கிழித்ததுபோலத் தெளிவாகத் தெரியும்.

அங்கே ஆளை வாட்டுவது குளிரைவிடக் காற்றுதான். திறந்தவெளித் தளம் இருக்கும் 86வது மாடி, தரையிலிருந்து 320 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு வெப்பநிலை இரண்டு, மூன்று டிகிரிதான் குறையும். ஆனால் தெருவில் கட்டடங்கள் மறித்துவைத்திருக்கும் காற்றை மேலே மறிக்க எதுவும் இல்லை. கீழே 0 டிகிரி என்று வையுங்கள். மேலே மைனஸ் 3 டிகிரியும் மணிக்கு 40 கி.மீ. காற்றும் இருந்தால், அமெரிக்க வானிலைத் துறையின் கணக்குப்படி உடம்பு உணர்வது மைனஸ் 11. செல்போனில் வரும் ‘உணரும் வெப்பநிலை’ தரையில் நிற்பவருக்கான கணக்கு என்பதை மகளிடமும் சொல்லிவையுங்கள். மூடிப்போர்த்திய ஆளுக்கு மைனஸ் 11-இல் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்பது ஆபத்தில்லை. அரை மணியில் தோல் உறையக்கூடிய கட்டம் மைனஸ் 28-ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது.

அதனால் நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். மழையோ பனியோ பெய்து ஓய்ந்த மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் வடமேற்குக் காற்று பிய்த்தெடுக்கும். காற்று மிஞ்சினால் வெளித்தளத்தையே மூடிவிடுவார்கள். ஒரு நாள் பொறுங்கள். பெரும்பாலும் அதற்கடுத்த நாள் காற்று அடங்கியிருக்கும், தெளிவு மிச்சமிருக்கும். குளிர் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அந்த நாள்தான் உங்களுக்கு. தாழ்வான மேகம் கவிந்த நாளில் எவ்வளவு இதமாக இருந்தாலும் போகாதீர்கள். மேலே வெள்ளைச் சுவர்தான் தெரியும். எடிசனிலிருந்து ரயிலில் வரும்போது, நெவார்க் தாண்டிச் சதுப்பு நிலத்தில் ஓடும் இடத்திலேயே மன்ஹாட்டன் கட்டடங்கள் கண்ணில் படும். எம்பயர் ஸ்டேட்டின் கூர்முனை வரை தெரிந்தால் கவலையில்லை.

இனி உடை. மகள் வீட்டில் கனமான கோட் இருக்கும். அது பாதி வேலையைத்தான் செய்யும். உடம்பை ஒட்டி முதலில் போடுவது தெர்மல் பனியனும் கால்சட்டையுமாக இருக்கட்டும். பருத்திப் பனியன் வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும், அந்த ஈரம்தான் பிறகு நடுக்கும். அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். உங்கள் கணவர் வீட்டில் குரங்குக் குல்லா வைத்திருந்தால் அவசியம் எடுத்துவாருங்கள். காது, கழுத்து, தாடை மூன்றையும் ஒரே துணியில் மூட அதைவிட நல்ல பொருள் அமெரிக்கக் கடையில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். கையுறை மெல்லியதாக ஒன்று, தடிமனாக ஒன்று. படம் எடுக்கும்போது மேலுறையை மட்டும் கழற்றலாம். சாக்ஸ் தடிமனாக ஒரு ஜோடி போதும். இரண்டு ஜோடி போட்டு ஷூவில் காலைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் சில்லிடும்.

சேலை விஷயம் கேட்டிருந்தீர்கள். கட்டடத்தின் முகத்தில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பி ஏறும். பனி விழும் நாளில் மேலே நின்றால், பனித்துகள் கீழிருந்து மேலே பறப்பதுபோலத் தெரிவது இதனால்தான். கீழிருந்து ஏறும் அந்தக் காற்றில் சேலை பாடாய்ப்படுத்தும். அன்று ஒரு நாள் மகளின் பேன்ட்டோ சுடிதாரோ போட்டுக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. மனம் ஒப்பவில்லையென்றால், உள்ளே தெர்மல் கால்சட்டையும் மேலே முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட்டும் கட்டாயம்.

பலர் கவனிக்காத ஒன்று: குளிரில் நடுங்குவதற்கான காரணம் கீழே வரிசையிலேயே தொடங்கிவிடுகிறது. விமான நிலையத்தில்போலப் பைகளைச் சோதிப்பார்கள், லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். உள்ளே முழுக்க ஹீட்டர். கோட்டும் குல்லாவுமாக அங்கே நின்றால் முதுகு வியர்த்துவிடும். அந்த வியர்வையோடு வெளித்தளத்தில் கால் வைத்தால் எலும்பு வரை சில்லிடும். கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஜிப்பை இறக்கி, குல்லாவையும் கையுறையையும் கழற்றிவிடுங்கள். 86வது மாடியில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் மாட்டி, பேத்தியின் கழுத்துப்பட்டியைச் சரிபார்த்து, அப்புறம் வெளியே போங்கள். லிஃப்ட் ஏறும்போது காது அடைக்கும்; பேத்திக்கு ஒரு மிட்டாய் கொடுங்கள்.

தளம் நாலாபுறமும் சுற்றிவரும்படி இருக்கிறது. குளிர்காலத்தில் காற்று அதிகம் வடமேற்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கத்தை முதலில் முடியுங்கள். தென்கிழக்கு மூலையில் காற்று மட்டுப்பட்டிருக்கும், வெயிலும் படும். நின்று நிதானமாகப் பார்க்க அதுவே இடம். நண்பகலிலும் சூரியன் தெற்கே தாழ்ந்துதான் நிற்கும் என்பதால், தெற்கு நோக்கி எடுக்கும் படங்களில் வெளிச்சம் அடிக்கும். வடக்குப் பக்கப் படங்கள் நன்றாக வரும். பத்து நிமிடம் வெளியே, பிறகு உள்ளே வந்து உடம்பு சூடானதும் மறுபடி வெளியே என்று போய்வாருங்கள். குழந்தைகள் வேடிக்கையில் குளிரைச் சொல்லமாட்டார்கள். அவள் மூக்கு நுனியையும் காது மடலையும் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். வெளுத்தோ மரத்தோ இருந்தால் உடனே உள்ளே.

உங்கள் கணவரைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். கிளம்பும் முன் மதுரையிலேயே மருத்துவரிடம் இந்தத் திட்டத்தைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அன்று காலை மாத்திரையும் சாப்பாடும் தவறக்கூடாது. மூக்கையும் வாயையும் கழுத்துப்பட்டியால் மூடி மூச்சு விடட்டும். நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினால், ‘சும்மா வாயு’ என்று ஒதுக்காமல் உள்ளே வந்து ஊழியர்களிடம் சொல்ல வேண்டும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், மருந்துக்கடையில் விற்கும் சூடேற்றும் பாக்கெட்டைக் காலில் வைக்க வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

போனை உள்பாக்கெட்டில் வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். சூடானதும் பெரும்பாலும் மீண்டுவிடும்.

நீங்கள் ரயிலை விட்டு இறங்கும் பென் ஸ்டேஷனிலிருந்து 34வது தெருவில் கிழக்கே நடக்கும் தூரம்தான். ஆனால் அந்தத் தெருவிலும் காற்று அடிக்கும். நடுவில் மேசிஸ் கடைக்குள் புகுந்து கொஞ்சம் சூடேறிக்கொள்ளலாம். காலை 11 மணிக்கு மேலே இருப்பதுபோல் கிளம்புங்கள். ஜனவரியில் அங்கே மாலை 5 மணிவாக்கில் சூரியன் மறையும்; மறைவதைப் பார்க்கக் கூட்டமும் கூடும், குளிரும் ஏறும். ஜனவரி மூன்றாவது திங்கள் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை. அதை ஒட்டிய சனி, ஞாயிறையும் தவிருங்கள்.

102வது மாடிக்குத் தனிக் கட்டணம். அது கண்ணாடியால் மூடியது. மருத்துவர் திறந்தவெளி வேண்டாம் என்றால், அங்கிருந்து தெற்கே இருக்கும் ஒன் வேர்ல்டு ட்ரேட் சென்டருக்குப் போகலாம். அங்கே பார்வைத் தளம் முழுக்கவே மூடியது. எதுவானாலும், மதுரையில் இருந்துகொண்டே தேதி குறித்து டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். மேகம் மறைத்தது என்பதற்காகப் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். அங்கே போய், முதல்நாள் மாலை வானிலையைப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.