எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றுவது கடினம் என்றால், பெரும்பாலானவற்றை நிறைவேற்றுவதாவது எளிதா?

எளிதாகத்தான் இருக்கும் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

3-சாட் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். "அ உண்மை, அல்லது ஆ பொய், அல்லது இ உண்மை" என்பது போல, ஒவ்வொரு நிபந்தனையிலும் மூன்று வெவ்வேறு மாறிகள். மூன்றுக்கும் மதிப்பு கொடுக்க 8 வழிகள் உண்டு. அதில் ஒன்றே ஒன்றுதான் நிபந்தனையைக் கெடுக்கும். ஆக, கணக்கைப் படிக்காமலே காசு சுண்டி மதிப்பு கொடுத்தாலும் சராசரியாக 8-ல் 7 பங்கு நிறைவேறிவிடும்.

சரி, கொஞ்சம் யோசித்துச் செய்தால் இன்னும் மேலே போகலாமே? 1997-ல் ஸ்வீடன் கணினி அறிவியலாளர் யோஹான் ஹோஸ்டாட் இந்தக் கதவை மூடினார். பி-யும் (வேகமாகத் தீர்க்கக்கூடிய கணக்குகள்) என்பி-யும் (விடையைக் கொடுத்தால் வேகமாகச் சரிபார்க்கக்கூடிய கணக்குகள்) ஒன்றாக இல்லாத வரை, 7/8-ஐவிட இம்மியளவு கூடுதலாகக்கூட எந்த வேகமான அல்காரிதமும் உத்தரவாதம் தர முடியாது. எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றும் விடை நிச்சயம் உண்டு என்று முன்கூட்டியே தெரிந்தாலும் இதே நிலைதான்.

என்னை அதிகம் உலுக்கியது அவருடைய இன்னொரு முடிவு. "அ + ஆ + இ ஒற்றைப்படை" என்பது போன்ற சமன்பாடுகள். மாறிகள் 0 அல்லது 1. எல்லாம் ஒத்துப்போனால், மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கும் பள்ளிக்கூட முறையே போதும். தாளில் சில சமன்பாடுகளை எழுதித் தீர்த்துப் பார்த்தேன், சுலபமாக வந்தது. அப்புறம் ஒன்றே ஒன்றில் ஒற்றையை இரட்டை என்று மாற்றினேன். நீக்கிக்கொண்டே போய்க் கடைசியில் 0 = 1 என்று வந்து நின்றது. கெட்டது எந்தச் சமன்பாடு என்பதற்கு அதில் துப்பே இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டிருந்தன. 100 சதவீதம் சரியாக இருந்தால் சுலபம். 99 சதவீதம்தான் ஒத்துப்போகும் என்றால் 51 சதவீதத்தை நிறைவேற்றுவதே என்பி-கடினம், அதாவது என்பி-யில் உள்ள எந்தக் கணக்குக்கும் குறையாத கடினம். காசு சுண்டினால் 50 கிடைக்குமே, அதோடு சரி!

எல்லாக் கணக்கும் இவ்வளவு பிடிவாதமானது இல்லை. முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட ஒரு வரைபடத்தின் முனைகளை இரண்டு அணிகளாகப் பிரித்து, நடுவே ஓடும் கோடுகளை முடிந்தவரை கூட்டும் மேக்ஸ்-கட்டில், காசு சுண்டினால் பாதிதான். கோமன்ஸும் வில்லியம்சனும் 1995-ல் வெளியிட்ட முறையோ உச்ச விடையில் சுமார் 0.878 பங்கைத் தருகிறது. இரண்டிரண்டு மாறிகளை இணைக்கும் ஒருவகை நிபந்தனைக் கணக்குகளைத் தோராயமாகத் தீர்ப்பதும் கடினம் என்று சுபாஷ் கோட் 2002-ல் முன்வைத்த யூனிக் கேம்ஸ் ஊகம் உண்மையானால், அதைத் தாண்டவும் முடியாது. அந்த ஊகம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.