‘பசுமை சப்ளை செயின்’ வேலை நிலைக்குமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. வணிகவியல் முடிக்கப்போகும் மகள் ‘பசுமை சப்ளை செயின்’ துறைக்கு, அதாவது ஒரு பொருளைச் செய்து கொண்டுவரும் வழியெங்கும் வெளியாகும் கார்பனைக் கணக்கிட்டுக் குறைக்கும் வேலைக்கு, போக ஆசைப்படுகிறாள், நாலு வருடத்தில் மங்கிப்போகிற மோகமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம். ஆனால் இந்த வேலைக்குப் பின்னால் இப்போது சட்டம் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம், இறக்குமதிப் பொருளைத் தயாரிக்கையில் வெளியான கார்பனுக்கு வாங்கும் எல்லைக் கார்பன் வரியை 2023 அக்டோபரில் அறிக்கை தருவதோடு தொடங்கியது. 2026 முதல் வரும் இறக்குமதிக்குப் பணமும் கட்ட வேண்டும். இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் தயாரிக்கும் ஆலைகளிடம் உமிழ்வுக் கணக்கு, அதாவது எவ்வளவு கார்பன் வெளியேறியது என்ற கணக்கு, கேட்கிறார்கள். அதை எடுத்துத் தர ஆள் வேண்டும்.

ஒரு நிறுவனம் தன் எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் கணக்குப் போடுவது எளிது. சிக்கல் ‘ஸ்கோப் 3’ என்ற பகுதியில்தான்: சப்ளையரின் ஆலை, சரக்குப் போக்குவரத்து, விற்ற பொருளின் பயன்பாடு, கடைசியில் அதன் கழிவு வரை எல்லாம் இதில் அடங்கும். நிறுவனங்கள் உமிழ்வைக் கணக்கிடப் பின்பற்றும் சர்வதேச வழிமுறையான ஜிஹெச்ஜி புரோட்டோகால் 2011-இல் இதை 15 வகைகளாகப் பிரித்தது. பல நிறுவனங்களில் உமிழ்வின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. எண்களோ அடுத்தவர் கையில்.

ஒரு சரக்கு விமானத்தில் போகிறது என்று வையுங்கள். ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக, கப்பலைவிடப் பல பத்து மடங்கு கார்பன் வெளியேறும். ஏன் விமானம்? விற்பனைப் பிரிவு ஆர்டரைத் தாமதமாகச் சொல்லியிருக்கும். கொள்முதல் அதிகாரிக்கு விலைதான் இலக்கு, கிடங்குக்காரருக்கு இருப்பு தீரக்கூடாது. கார்பனுக்குப் பொறுப்பாளி யாருமில்லை. இவர்களை உட்காரவைத்து, முன்கூட்டியே திட்டமிட்டுக் கப்பலுக்கு மாற்றுவதும், காலியாகத் திரும்பும் லாரிக்கு ரிட்டர்ன் லோடு பிடிப்பதும்தான் ஒருங்கிணைப்பாளரின் வேலை. கப்பல் என்றால் நாள் கூடும், இருப்பு கூடும், அதில் பணம் முடங்கும். அந்தக் கணக்கையும் உங்கள் மகளே காட்டினால்தான் பேச்சு எடுபடும்.

அதனால், பெயரில் ‘பசுமை’ இருக்கிறது என்பதற்காகப் பெரிய கட்டணம் கட்டி எந்தப் படிப்பிலும் இப்போதே சேர்க்காதீர்கள். முதலில் ஓரிரு வருடம் கொள்முதலிலோ சரக்குப் போக்குவரத்திலோ வேலை பார்க்கட்டும். எக்செல் கைக்குப் பழகட்டும், பிறகு தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்க்யூஎல். ஜிஹெச்ஜி புரோட்டோகால் ஆவணங்கள் இணையத்தில் இலவசம். போக்குவரத்து உமிழ்வைக் கணக்கிட 2023-இல் வந்த ஐஎஸ்ஓ 14083 தரநிலை இருக்கிறது. பில்லையும் பேரேட்டையும் ஒப்பிட்டுத் தணிக்கை செய்யத் தெரிந்தவளுக்கு வணிகவியல் குறையே இல்லை, பலம் என்பேன். உமிழ்வு எண்ணுக்கும் ஆதாரம் கேட்கிற காலம் இது.

ஒன்றை மறைக்கக் கூடாது: ஆரம்ப வருடங்களில் பாதி நேரம் சப்ளையர்களுக்கு மெயில் அனுப்பி, வராத தரவைத் துரத்துவதிலேயே போகும். அது அவளுக்குப் பிடிக்குமா என்று இந்த விடுமுறையிலேயே பார்த்துவிடலாம். ஏதாவது ஒரு பொருளை எடுத்து, அது எங்கெங்கே செய்யப்பட்டு எப்படி வந்தது என்று விசாரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எடையைத் தூரத்தால் பெருக்கி டன்-கிலோமீட்டர் போடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தகவல் கிடைக்கவில்லை, யாரிடம் கேட்டாள் என்பதையும் குறித்துக்கொண்டு என்னிடம் வரட்டும். எந்தப் படிப்பு என்பதை அதை வைத்துப் பேசலாம்.