கிணற்றில் முங்கியவன் குவாரியில் முங்கலாமா?

தம்பி, நேற்று சாயங்காலம் உன் அம்மா எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து, ஃபோனை என் கையில் கொடுத்து, "இவன் என்னமோ எழுதியிருக்கான், நீயே படிச்சுப் பாரு" என்றார். படித்தேன். இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, ஆஸ்பத்திரி வார்டில் கூட வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஸ்டோனி கோவ் குவாரிக்கு, சிலிண்டர் காற்றை இழுத்தபடி தண்ணீருக்குள் நீந்தும் ஸ்கூபா டைவிங் போகிறார்கள், உன்னையும் கூப்பிடுகிறார்கள். நம் ஊர் கொழிஞ்சாம்பாறைக் கிணற்றில் பழகிய நீச்சல் போதுமா, அந்தக் குளிரை நம் உடம்பு தாங்குமா, காசைக் கொட்டுகிற வேலையா என்று கேட்டிருக்கிறாய்.

உன் அம்மா பிடித்துக்கொண்டது ஒரே ஒரு சொல்லைத்தான்: குவாரி. அவரைக் குறை சொல்ல முடியாது. மழை பெய்து பாறமட, அதாவது கல் வெட்டிய குழி, நிறைந்துவிட்டால் குளிக்கப் போகிற பையன்களை நினைத்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கும் ஊர் இது. நான் இங்கிலாந்துக்குப் போய்ப் பதினேழு வருஷம், தண்ணீருக்குள் போக ஆரம்பித்து ஒன்பது. லீவு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

நீச்சல் போதுமா என்றால், நீந்தப் போதும். எனக்கு ஏழு வயதில் அப்பா இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிட்டார். உனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும். கிணற்றில் ஒன்று கவனித்திருப்பாய்: மேலே வெதுவெதுப்பு, இரண்டு ஆள் ஆழம் போனால் காலில் சில்லென்று பிடிக்கும். கோடையில் குவாரியிலும் அதே கதைதான், கொஞ்சம் பெரிய அளவில். மேலே 18 டிகிரி இருக்கும். எட்டு பத்து மீட்டர் இறங்கினால் சர்பத்தில் பாகு கரைவதுபோல் தண்ணீரே நெளிநெளியாகத் தெரியும். அந்த நெளிவைத் தாண்டினால் திடீரென்று குளிர். தெர்மோக்ளைன் என்பார்கள். குளிர்காலத்தில் இந்தப் பிரிவே கிடையாது, மேலிருந்து கீழ்வரை 4, 5, 6 டிகிரிதான். தண்ணீர் 4 டிகிரியில்தான் கனம் அதிகம். அதனால் மேலே ஐஸ் கட்டினாலும் ஆழத்தில் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

ஆனால் கிணறு சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தை நீ மறக்க வேண்டும். மூச்சைப் பிடிப்பது. முங்கி அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு வந்து காட்டினோமே, அதில் மேலே இழுத்த மூச்சுதான் உள்ளே இருக்கும். ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பும், ஆபத்தில்லை. சிலிண்டரில் அப்படி இல்லை. பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வருவதற்குள் இரண்டு மடங்காகும். அதை அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும். நர்ஸ் உனக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நிறுத்தாமல் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கிணற்றுப் பையன்கள் பதற்றத்தில் முதலில் செய்கிற தப்பு இதுதான், நானும் நீச்சல் குளத்து வகுப்பில் மூன்று தடவை திட்டு வாங்கினேன்.

சரி, குளிர். நம் உடம்பு, அவர்கள் உடம்பு என்றெல்லாம் ஒன்றும் இல்லை. அங்கே முக்கால்வாசிப் பேர் டிரை சூட்தான் போடுகிறார்கள். உள்ளே கம்பளி மாதிரி ஒரு உடுப்பு, வெளியே தண்ணீர் புகாத உறை, கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் சீல். வாசனை சேர்க்காத டால்க் பவுடரைச் சீலில் தடவி, தாடையை நெஞ்சோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு தலையை நுழைக்க வேண்டும். காதுத் தோட்டை முன்பே கழற்றிவிடுவேன். "தாலிக்கொடியையுமா கழட்டுவே?" என்று இங்கே என் பெரியம்மா கேட்டார். கொடி முழுக்கச் சீலுக்குக் கீழே உள்ளே போய்விட்டால் கழற்ற வேண்டாம். பாதி சீலுக்கு அடியில் மாட்டி நின்றால் அந்த வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக முதுகில் இறங்கும். ஒரு தடவை பட்டேன், அரை மணி நேரத்தில் பல் கிட்டியது. உன் கழுத்துச் சங்கிலிக்கும் இதே கணக்குதான்.

டிரை சூட்டைத் தனியாகப் பழக வேண்டும். இறங்க இறங்க அது உடம்பைக் கவ்வும், அதனால் காற்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஏறும்போது அந்தக் காற்று விரியும், வெளியே விட வேண்டும். மறந்தால் காற்று காலுக்குப் போய்த் தலைகீழாகப் பலூன் மாதிரி மேலே தூக்கிவிடும். யாராவது தன் பழைய சூட்டைத் தந்து "போட்டுக்கிட்டு வா" என்றால் போகாதே.

முகத்தில்தான் தண்ணீர் முதலில் நேராகப் படும். ஐஸ் சர்பத்தை ஒரே மடக்கில் குடித்தால் நெற்றிப்பொட்டில் குத்துமே, அதே வலி. கூடவே மூச்சு தானாக இழுத்து வாங்கும். ஒரு நிமிஷம் மேலேயே மிதந்து, அது அடங்கிய பிறகு இறங்கு. அப்புறம் கை. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியாவிட்டால் அன்றைய வேலை முடிந்தது, மேலே வந்துவிடு. அதற்கப்புறம் பக்கிள் கழற்றவும் வால்வு திருகவும் விரல் பேச்சைக் கேட்காது.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், உன் அம்மாவிடம் சொல்லவில்லை. முதல் வருஷம், பிப்ரவரி, வேறொரு குவாரி. கரையில் காற்றே பூஜ்யத்துக்குக் கீழே. சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வேலை செய்கிறதா என்று அங்கேயே நின்று நாலைந்து மூச்சு இழுத்துப் பார்த்தேன், காற்றைப் பீய்ச்சிவிடும் பர்ஜ் பொத்தானையும் அமுக்கினேன். அழுத்தம் குறைந்து வெளியே வரும் காற்று தானே குளிர்ந்துவிடும், அதில் என் மூச்சின் ஈரமும் சேர்ந்தது. 15 மீட்டர் ஆழத்தில் அதன் வால்வு திறந்தபடியே உறைந்துவிட்டது. வாயில் வைத்திருப்பது கொதிக்கிற அண்டா மாதிரி குமிழி கக்குகிறது, எதிரே ஒன்றும் தெரியவில்லை, சிலிண்டர் காற்றைக் காட்டும் முள் கண்ணெதிரே இறங்குகிறது. கூட வந்தவர் தன் இரண்டாவது ரெகுலேட்டரை என் வாயில் வைத்து, என் வால்வை மூடி, கையைப் பிடித்து மெதுவாக மேலே கூட்டி வந்தார். தப்பு முழுக்க என்னுடையது. இரவல் வாங்கும் ரெகுலேட்டரில் 10 டிகிரிக்கு மேல்தான் என்று முத்திரை இருந்தால் குளிர்காலத்தில் அதைத் தொடாதே. தண்ணீருக்குள் போன பிறகுதான் முதல் மூச்சு.

ஸ்டோனி கோவ் பற்றி உன் அம்மாவுக்குச் சொன்னது இதுதான். அதுவும் கருங்கல் வெட்டிய குழிதான், 1958இல் கல் எடுப்பதை நிறுத்தியதும் ஊற்றுத் தண்ணீர் நிரம்பியது. வட கடல் எண்ணெய் வேலைக்குப் போன டைவர்கள் அங்கே பயிற்சி எடுத்திருக்கிறார்கள். படிக்கட்டு மாதிரி தட்டுத் தட்டாக ஆழம், முதல் தட்டு ஆறு மீட்டர், கடைசியில் 35 மீட்டர். 20 மீட்டர் பக்கம் ஸ்டேன்கார்த் என்ற பழைய நீராவி இழுவைப் படகை 2000இல் நமக்காகவே மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். பச்சை இருட்டில் அதன் முனை முதலில் தெரிகிற நொடிக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன். பெர்ச் மீன் கூட்டமாகப் பின்னால் வரும், பைக் என்ற மீன் ஒன்று களைக்குள் அசையாமல் நின்று உன்னையே பார்க்கும். தவளை மாதிரி காலை அகட்டி உதை. கிணற்றில் அடிக்கிற மாதிரி மேலும் கீழும் அடித்தால் அடி வண்டல் எழும்பி, பின்னால் வருகிறவர் உன்னைத் திட்டுவார்.

இந்த மாதிரி, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிற குவாரிக்கு மட்டும் போ. டார்பிஷயரில் ஹார்ப்பர் ஹில் என்ற குவாரி, பார்த்தால் மாலத்தீவு மாதிரி நீலம். ஆனால் சுண்ணாம்பால் தண்ணீரில் காரம் அதிகம், பி.எச். 11க்கு மேல். எச்சரிக்கைப் பலகையை யாரும் மதிக்காததால் 2013இல் தண்ணீருக்கே கறுப்புச் சாயம் ஊற்றினார்கள்.

காசு விஷயம். புது டிரை சூட் நல்லதாக வாங்கினால் ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிடும். முதல் வருஷம் எதுவும் வாங்காதே. பி.எஸ்.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் டைவிங் சங்கத்தின் கிளப் ஒன்றில் சேர். ராத்திரி ஊர் நீச்சல் குளத்தில் பழக்குவார்கள், பல கிளப்புகளில் சாமானை இரவல் தருவார்கள். ஓஷன் டைவர் என்ற அவர்களுடைய முதல் பயிற்சியை முடித்தால் 20 மீட்டர் வரை போகலாம். மருத்துவப் படிவத்தில் சின்ன வயது வீசிங்கை மறைக்காதே, உன் அம்மா சொல்லிவிட்டார். ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முந்தைய 18 மணி நேரம் தண்ணீர்ப் பக்கமே போகாதே.

எல்லாம் கேட்டுவிட்டு உன் அம்மா ஒன்றுதான் கேட்டார்: "கரையில ஆளு நிப்பாங்களா?" நிற்பார்கள், யார் எத்தனை மணிக்கு இறங்கினார்கள் என்று பேர் எழுதிக்கொண்டு ஒருவர் நிற்பார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இன்று காலையில் சுக்கும் மிளகும் கருப்பட்டியும் இடித்து ஒரு டப்பாவில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நான் வரும்போது எடுத்து வருகிறேன், ஃப்ளாஸ்க் மட்டும் நீ வாங்கி வை.