மீன் தொட்டியும் ஆறாத கட்டியும்

கேள்வி: மீன் தொட்டியைக் கழுவியபோது விரலில் பட்ட கீறல், மூன்று வாரங்கள் கழித்துச் சிவந்த கட்டியாகி, மாத்திரைகளுக்கு அடங்காமல், முன்கைவரை வரிசையாக முடிச்சுகளாகப் பரவியிருக்கிறது. இது என்ன?

பதில்: நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது, எனினும், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த மைக்கோபாக்டீரியம் மரைனம் என்னும் நீர்வாழ் பாக்டீரியாவின் மீதே எனக்கு முதல் சந்தேகம். ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸில் செழித்து வளரும் இது, உடலின் உள்வெப்பம் ஒத்துவராததால், பெரும்பாலும் கைகால்களின் தோலோடு நின்றுவிடுகிறது. ரோஜா முள் குத்தித் தொற்றும் ஸ்போரோத்ரிக்ஸ் பூஞ்சையும் நிணநீர் நாளங்களை ஒட்டி இப்படியே முடிச்சிடும் என்பதால், திசுத்துணுக்கை எடுத்துச் சோதிப்பது அவசியம். மீன் தொட்டியைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள் (பலர் சொல்வதே இல்லை). ஆய்வகத்தில் குறைந்த வெப்பத்தில் வாரக்கணக்கில் வளர்த்தால்தான் இக்கிருமி தென்படும். சிகிச்சை சில மாதங்கள் நீளலாம்.