ஒரு பள்ளி நன்றாக நடக்கத் தலைமையாசிரியர் திறமையானவராக இருந்தால் போதாதா? ஆசிரியர்களுக்கு இடையிலான வலைப்பின்னலை ஏன் ஆராய்கிறார்கள்?

போதாது என்பதுதான் என் பதில். பள்ளிகளில் இந்த வகை ஆய்வு செய்வது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆசிரியர்களிடம் நாங்கள் கேட்பது ரொம்பச் சாதாரணக் கேள்வி: “பாடம் நடத்துவதில் சிக்கல் வந்தால் இங்கே யாரிடம் போய்க் கேட்பீர்கள்?” சொல்லும் பெயர்களை வைத்துப் புள்ளிகளும் அம்புகளுமாகப் படம் வரைவோம்: ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு புள்ளி, கேட்பவரிடமிருந்து அவர் நாடுபவரை நோக்கி ஓர் அம்பு. மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ 1930களிலேயே பள்ளி மாணவர்களை வைத்து இப்படி வரைந்திருக்கிறார்.

ஒரு பள்ளியில் அம்புகளில் பெரும்பாலானவை எந்தப் பொறுப்பிலும் இல்லாத ஒரு கணித ஆசிரியையிடம் போய் நின்றன. துறைத் தலைவருக்கு வந்தவை சொற்பம். தலைமையாசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, “கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாரே!” என்றார். அந்த ஆசிரியையின் வகுப்பறை மாடிப்படியை ஒட்டி இருந்தது. ஏறி இறங்குபவர்கள் வாசலில் நின்று ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போவார்கள். வகுப்பறை எங்கே இருக்கிறது என்பது அற்ப விஷயம் இல்லை. கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்பிலேன் குழுவினரின் ஆய்விலும், அறைகள் அருகருகே இருக்கும் ஆசிரியர்கள்தான் பாடம் பற்றி அதிகம் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது.

பேசிக்கொள்வதால் மாணவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கேரி லியானாவின் ஆய்வை. நியூயார்க் நகரின் 130 தொடக்கப் பள்ளிகளில், 4, 5-ஆம் வகுப்பு ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்தது. திறமை குறைந்த ஆசிரியர்கள்கூட, சக ஆசிரியர்களோடு நெருக்கமாக இருந்தால், சராசரித் திறமை உள்ளவர்களுக்கு இணையாகக் கணிதம் கற்பித்திருக்கிறார்கள். ஆலோசனைக்கு அவர்கள் தலைமையாசிரியரைத் தேடிப் போனதைவிடச் சக ஆசிரியர்களைத் தேடிப் போனதுதான் மிக அதிகம்.

அப்படியானால் தலைமையாசிரியர் வேண்டாமா என்றால், கண்டிப்பாக வேண்டும். நெதர்லாந்துத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்த நீன்கே மோலனார், தலைமையாசிரியரை ஆசிரியர்கள் அதிகம் நாடும் பள்ளிகளில் புதிய முயற்சிகளுக்கான துணிச்சலும் கூடுதலாக இருப்பதைக் கண்டார். விவியன் ராபின்சன் 2008-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்துத் தானும் அதில் உட்கார்ந்து கலந்துகொள்ளும் தலைமைக்குத்தான் மாணவர் கற்றலோடு மிக வலுவான தொடர்பு இருந்தது.

கால அட்டவணையும் அறை ஒதுக்கீடும் தலைமையாசிரியர் கையில் இருக்கின்றன. ஒரே பாடம் எடுக்கும் இருவருக்கு ஒரே நேரத்தில் ஓய்வு வேளை கிடைக்கச் செய்வது அவரால் முடிகிற காரியம். என்னைக் கேட்டால், பத்து சுற்றறிக்கைகளைவிட அது மேல். வாரம் ஒரு கூட்டம் கட்டாயம் என்பதுபோல் மேலிருந்து திணிக்கும் கூட்டுழைப்பைக் கல்வி ஆய்வாளர் ஆண்டி ஹார்கிரீவ்ஸ் செயற்கையான தோழமை என்று விமர்சித்தார். நானும் அப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பேசுபவர் ஒருவர், மற்றவர்கள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

இத்தகைய படங்கள் ஒரு நேரத்து நிலையை மட்டுமே காட்டும். நல்லாசிரியரைத் தேடி எல்லோரும் வருகிறார்களா, எல்லோரும் வருவதால் அவர் மேம்படுகிறாரா என்பதை ஒரே படத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது.

உங்கள் பள்ளியிலேயே செய்து பார்க்க நினைத்தால் ஒரு வேண்டுகோள். இதில் பெயர் கேட்காமல் தரவு திரட்ட முடியாது. யாருடைய அம்பும் வந்து சேராத புள்ளியும் ஒரு மனிதர்தான். சம்மதம் வாங்கிக் கேளுங்கள். பெயர்களை நீக்கிவிட்டுப் படத்தைக் காட்டுங்கள். சிறிய பள்ளியாக இருந்தால், பெயரை நீக்கினாலும் யார் எந்தப் புள்ளி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கே படத்தைக் காட்டாமலே இருப்பது நல்லது.